ஏழு எழுத்தும் ஒரு பாட்டும்

நோட்டு வாசிப்பது மேட்டுக்குடி வித்தை என்பார்கள். ஐந்து கோடு, பியானோ, வாத்தியாருக்குச் சம்பளம்: இதெல்லாம் இல்லாதவன் எங்கே போவான்?

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் சாரா குளோவர் என்ற பெண், பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கோடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுத்துகளால் சுரம் எழுதிக் காட்டினார். ஜான் கர்வென் பாதிரியார் அதைத் திருத்தி 'டானிக் சோல்ஃபா' என்று பரப்பினார். டோ, ரே, மீ என்று ஏழு சுரத்துக்கும் முதலெழுத்து ஏழு. தாள அடியைப் பிரிக்க முக்காற்புள்ளி. 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கும், நம்ம 'ச' மாதிரி. அச்சடிக்கச் சாதாரண எழுத்தே போதும். பாடத் தொண்டை இருந்தால் சரி.

மிஷன் பள்ளிகள் வழியே இது தென்னாப்பிரிக்கா போனது. தோத்திரப் பாட்டுக்காகத்தான் கருப்பினப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1897இல் மிஷன் பள்ளி ஆசிரியர் ஈனாக் சோன்டோங்கா அதே எழுத்தில் 'என்கோசி சிகெலேல் ஆப்பிரிக்கா'வை எழுதினார். 1912இல், பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆன அமைப்பின் முதல் கூட்டத்தில் அது ஒலித்தது. 1994இல் தேசிய கீதமானது.

கோடு வாசிக்கத் தெரிந்தவர்கள் சோல்ஃபாவை அரைகுறைப் படிப்பு என்றார்கள். அந்த 'அரைகுறை' எழுத்தில் எழுதிய பாட்டுக்குத்தான் இன்று ஒரு நாடே எழுந்து நிற்கிறது. எழுத்து மறுக்கப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.