லேத்ராப், 1977: யாரும் எண்ணிப் பார்க்காத எண்ணிக்கை

நம்ம ஊரில் கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை என்றால் முதல் ஸ்கேன் யாருக்கு எடுப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம். ஆம்பளைக்கு டெஸ்ட் என்பது ரொம்ப நாள் கழிச்சு, ரொம்பத் தயங்கி நடக்கிற விஷயம். இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியது இல்லை என்று காட்டுகிற ஒரு கலிஃபோர்னியா கதையைக் கொஞ்ச நாளா படிச்சிட்டு இருக்கேன். அதுதான் இந்தக் குறிப்பு.

ஸ்டாக்டன் நகரத்துக்குப் பக்கத்தில் லேத்ராப் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆக்சிடென்டல் கெமிக்கல் கம்பெனிக்கு ஒரு பூச்சிமருந்து ஆலை இருந்தது. 1970களின் நடுவில் அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் இளவயதுக்காரர்கள், கல்யாணமானவர்கள். சேர்ந்து சாப்பிடுவார்கள், சேர்ந்து சாஃப்ட்பால் ஆடுவார்கள். அந்தப் பேச்சில்தான் விஷயம் மெதுவாக வெளியே வந்தது: ஒருத்தர் வீட்டில் குழந்தை தங்கவில்லை, இன்னொருத்தர் வீட்டிலும் அப்படித்தான். அதுவரை ஒவ்வொருத்தரும் அதைத் தன் வீட்டுப் பிரச்சினை என்றே நினைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் தொழிற்சாலை ஆபத்துகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இரண்டு பேர் அங்கே வந்தார்கள். சில தொழிலாளிகளுக்கு விந்துப் பரிசோதனை நடக்க அவர்களும் உதவினார்கள். முடிவு மோசமாக வந்ததும் தொழிற்சங்கம் விடவில்லை. டாக்டர் டொனால்ட் வோர்ட்டன் குழுவினர் முறையாகப் பரிசோதித்து, அதே 1977இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யாத 25 பேரில் 14 பேருக்கு விந்தணு மிகக் குறைவு, அல்லது சுத்தமாகவே இல்லை. எவ்வளவு காலம் அங்கே வேலை பார்த்தார்களோ அந்த அளவுக்குப் பாதிப்பு.

காரணம் டிபிசிபி. பயிர் வேரைத் தின்னும் நூற்புழுவைக் கொல்ல மண்ணுக்குள் செலுத்தும் மருந்து. டவ் கம்பெனி ஃப்யூமசோன் என்றும், ஷெல் கம்பெனி நெமகான் என்றும் விற்றன. 1950களில் இருந்தே சந்தையில் இருந்த சரக்கு.

சரி, இத்தனை பேருக்கு இப்படி ஆகியும் ஏன் யாருக்கும் தெரியவில்லை? இங்கேதான் உடம்பு வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். விரைக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. விந்தணு உற்பத்தி ஒன்று, டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு இன்னொன்று. டிபிசிபி முதலாவதைத்தான் அடித்தது. விந்தணு உற்பத்தி நின்றால், 'இங்கே வேலை நடக்கிறது' என்று மூளைக்குப் போகும் சிக்னலும் குறையும். பிட்யூட்டரி சுரப்பி பதறிப்போய் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பும். பதில் வராத சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும் ப்ரோகிராம் மாதிரி. லேத்ராப் ஆட்களின் ரத்தத்தில் எஃப்எஸ்ஹெச் ஏறியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் நார்மல்.

இதுக்கு என்ன அர்த்தம்? மீசை, குரல், ஆசை, தெம்பு எதிலும் குறை தெரியாது. வலி கிடையாது. விந்தணுவை எண்ணிப் பார்த்தால் ஒழிய அந்த மனுஷனுக்கே தெரிய வழியில்லை. எண்ணிப் பார்க்க யாரும் கேட்கவும் இல்லை.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம் அடுத்தது. விலங்குகளில் எண்ணிப் பார்த்துவிட்டார்கள்! டவ், ஷெல் இரண்டின் பரிசோதனை முடிவுகளும் சேர்ந்து 1961லேயே ஓர் ஆய்விதழில் வந்தன. காற்றில் 5 பிபிஎம் அளவு டிபிசிபியைத் தொடர்ந்து சுவாசித்த எலிகளுக்கு விரை சுருங்கியது. சோதித்ததிலேயே குறைந்த அளவு அதுதான். அதுக்கும் கீழே எது பாதுகாப்பான அளவு என்று சோதிக்காமலே, 1 பிபிஎம்முக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். தொழிலாளிகளின் விந்தணுவைப் பார்க்க 16 வருஷம் ஆனது. டெஸ்ட் ஃபெயில் ஆன கோடை ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு, லாக் பார்க்காமல் 16 வருஷம் ஓட்டியது போல. 1978இல் அமெரிக்க அரசு வேலையிடத்துக்கு வைத்த வரம்பு 1 பிபிபி. 1961இல் சொன்னதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்த நேரத்தில் பீச் பழ விவசாயிகள் சங்கத்திலிருந்து அரசுக்கு ஒரு கடிதம் போனது. குழந்தை வேண்டாம் என்பவர்களை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்பது அதன் சாரம். நான் இரண்டு தடவை படித்தேன், நக்கலாக எழுதியது இல்லை.

அமெரிக்காவில் 1979இல் ஹவாய் அன்னாசித் தோட்டங்கள் தவிர எல்லா இடத்திலும் டிபிசிபிக்குத் தடை வந்தது. ஹவாயிலும் 1985இல் முடிந்தது. ஆனால் லேத்ராப் செய்தி வெளிவந்த பிறகும் மத்திய அமெரிக்க வாழைத்தோட்டங்களுக்கு மருந்து போய்க்கொண்டு இருந்தது. கோஸ்டா ரிகா தொழிலாளிகள் 82 பேர் தொடுத்த வழக்கை டெக்சாஸில் நடத்தலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது 1990இல். கலிஃபோர்னியாவின் கிணறுகளிலும் டிபிசிபி இறங்கியிருந்தது. வேலையை விட்ட பிறகு சிலருக்கு எண்ணிக்கை திரும்பியது. ரொம்ப நாள் பூஜ்யத்தில் இருந்த பலருக்குத் திரும்பவே இல்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிடறேன். டிபிசிபி நேரடியாக செல்லைக் கொல்லும் விஷம். ஹார்மோன் குழப்பம் அதன் விளைவு. இன்று நாம் 'ஹார்மோனைக் குலைக்கும் ரசாயனம்' என்று சொல்பவை வேறு ரகம். டிடிடி சிதைந்து உருவாகும் டிடிஈ, ஆண் ஹார்மோன் போய் உட்கார வேண்டிய ஏற்பியை அடைத்துக்கொள்கிறது என்று 1995இல் எலிகளில் காட்டினார்கள். பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் சில தாலேட்டுகள், கருவில் இருக்கும் ஆண் எலியின் டெஸ்டோஸ்டிரோனையே குறைக்கின்றன. அளவு சின்னது, பாதிப்பு தெரிய ஒரு தலைமுறை ஆகலாம்.

நம்ம பக்கத்திலேயே காசர்கோடு இருக்கிறது. முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்த இடம். அங்கே 117 பையன்களை, மருந்து தெளிக்காத ஊரின் 90 பையன்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வந்தது. தெளித்த பக்கத்துப் பையன்களுக்குப் பருவ வளர்ச்சி பின்தங்கியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் அளவும் அதையே சொன்னது.

இரண்டு இடத்திலும் ஒப்பிட ஆள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உலகம் முழுக்க விந்தணு குறைகிறதா என்ற சண்டை 1992இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 61 பழைய ஆய்வுகளைத் தொகுத்ததில் இருந்து நடக்கிறது. 1940இல் மில்லிலிட்டருக்கு 11.3 கோடி, 1990இல் 6.6 கோடி என்பது அவர்கள் கணக்கு. பழைய எண்ணிக்கையை நம்பலாமா, எதனால் குறைந்தது என்று இன்னும் வாதம் ஓடுகிறது. பிளாஸ்டிக்கும் பூச்சிமருந்தும் கொஞ்சமாவது படாத ஆளை இன்று எங்கே போய்த் தேடி ஒப்பிடுவது?

லேத்ராப்பில் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் வாயைத் திறந்தார், பக்கத்தில் இருந்தவர் 'எனக்கும்தான்' என்றார். பேசியது ஆம்பளைகள் என்பதால்தான் இந்தக் கதை எனக்கு மறக்கமாட்டேங்குது.