துப்பறியும் சாம்புவும் மலாயாத் தமிழ் வாசகரும்

ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' (1908) வெளிவந்த காலந்தொட்டே துப்பறியும் புனைகதை தமிழ் வாசகரைக் கவர்ந்து வந்துள்ளது. அந்நாவலின் துப்பறிவாளர் கோவிந்தன் கூர்மதியால் வெல்பவர். தேவன் (ஆர். மகாதேவன், 1913–1957) 1942இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய 'துப்பறியும் சாம்பு' இம்மரபைத் தலைகீழாக்கியது. வங்கி வேலையை இழந்த அசட்டுச் சாம்பு, தற்செயலாகவே குற்றவாளிகளைப் பிடிக்கிறான். இன்ஸ்பெக்டர் கோபாலனோ அதனைப் பேரறிவு எனப் போற்றுகிறார்.

ஆகவே, குற்றவாளி யார் என்பதைவிடச் சாம்பு எவ்வாறு தடுமாறுவான் என்பதே நம்மை ஈர்க்கிறது. வேம்புவுடன் இல்லறம் நடத்தும் அவன் நமக்கு அண்டை வீட்டாரைப் போல அறிமுகமாகிறான். புதிர் ஒரு கதையுடன் முடியும். பாத்திரத்தின்மீது கொண்ட பரிவு அடுத்த கதைக்கும் தொடரும்.

மலாயாச் சூழலில் இது சிறப்பாகக் கருதத்தக்கது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், சென்னையுடனான கப்பல் போக்குவரத்து அறுபட்டது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட காலம் அது. சென்னை வாசகர் வாரந்தோறும் சிரித்து மகிழ்ந்த அக்கதைகளை உடனுக்குடன் படிக்கும் வாய்ப்பு, சுங்கை பூலோ முதலிய ரப்பர்த் தோட்டப் பகுதித் தமிழருக்கு இல்லாமற் போயிற்று. வாராந்தர எதிர்பார்ப்பு நீங்கியபின் நூலாகப் படிப்போரையும் சாம்பு சிரிக்க வைக்கிறான் எனில், பாத்திரப் படைப்பின் வலிமையே அதற்குக் காரணம் எனலாம்.

எனவே, துப்பறியும் கதைகளை வெறும் பொழுதுபோக்கு எனக்கொண்டு இலக்கிய வரலாற்றுப் பாடத்தினின்று ஒதுக்குதல் பொருந்தாது என்பதே நம் கருத்தாகும்.