நாலு மீட்டர்க் கோடு: 'சின்னக் கார்' என்னும் சொல்லாடல்

கோயமுத்தூர்ப் பக்கம் யாரிடமும் தொழில் வரலாறு பற்றிப் பேச்செடுத்தால் அரை மணி நேரத்துக்குள் ஜி.டி. நாயுடுவின் இரண்டாயிரம் ரூபாய்க் கார் வந்து நின்றுவிடும். 1952 வாக்கில் இரண்டு பேர் உட்காரும்படியான பெட்ரோல் கார் ஒன்றை அவர் செய்து காட்டினார், டெல்லி லைசென்சு தரவில்லை, அதோடு சரி. இதுதான் கதை. சொல்கிறவர் மில் முதலாளியானாலும் லேத்துப் பட்டறைக்காரரானாலும், அன்னைக்கே குடுத்திருந்தா மாருதிக்கு இங்க வேலையே இருந்திருக்காதுங்க என்பதாகத்தான் முடிப்பார்.

இந்தக் கதையின் உண்மை பொய்யை விசாரிப்பது நம் நோக்கமில்லை. கதை என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. கலங்கலில் 1893இல் பிறந்து, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸோடு தொடங்கி, யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்துக் கம்பெனியைக் கட்டியெழுப்பியவர் நாயுடு. தானாக முளைத்த முதலாளி என்னும் பிம்பத்துக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. திருப்பூர் பனியன் முதலாளிகள் தங்கள் எழுச்சியை 'உழைப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிக்கொள்வதை ஷாரத் சாரி தம் நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார். கார்க் கதையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதில் மூலதனம் கள்ளங்கபடமற்றது, தடுத்தது அரசு. பட்டறையில் கூலிக்கு நின்றவர்களின், முக்கியமாகத் தலித்துகளின், உழைப்புக்கு இதில் ஒரு வரிகூட இல்லை.

சரி, லைசென்சு குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? 1951இல் தொழில்கள் சட்டம் வந்தது. 1953இல் சுங்கவரிக் கமிஷன், இங்கேயே உறுப்புகளைச் செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம் என்றது. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் கிளம்பின. அன்றைக்கு நாடு முழுக்க ஆண்டுக்குச் செய்யப்பட்ட கார்கள் இருபதாயிரத்தைத் தொடவில்லை. பீளமேட்டு மில் தொழிலாளி சைக்கிளுக்கே தவணை கட்டிக்கொண்டிருந்த காலம். யார் வாங்கியிருப்பார்கள் என்ற கேள்வியைக் கதை கேட்பதே இல்லை.

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. 'மக்கள் கார்' பேச்சு 1959 முதலே அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் 1970இல் அனுமதி போய்ச் சேர்ந்த இடம் பிரதமரின் மகன். சஞ்சய் காந்தியின் மாருதி, மக்களுக்கு ஒரு காரையும் தராமலே அவசரநிலைக்குப் பின் மூடப்பட்டது. 1981இல் அரசுக் கம்பெனியாக மறுபிறப்பு, 1982இல் சுசுகியோடு ஒப்பந்தம், 1983 டிசம்பர் 14இல் முதல் மாருதி 800. விலை ஐம்பதாயிரத்துக்குள். அந்த 'மக்கள்' யாரென்று அப்போதே தெரிந்துவிட்டது. கொங்குத் தொழிலாளிக்கு வாய்த்த வண்டி, 1980இல் வந்த டி.வி.எஸ். 50தான்.

ஆனால் மாருதியோடு இன்னொன்றும் வந்தது. உறுப்புகளை உள்நாட்டிலேயே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையால் வார்ப்படம், கியர், ஹாரன், டேஷ்போர்டு மீட்டர் என்று கார்த் தொழிலுக்கான வேலை நாடெங்கும் பெருகியது; மோட்டாரும் பம்ப்செட்டும் செய்து கை பழகியிருந்த கோவைப் பட்டறைகள் அதில் பங்கு பெற்றன. உறுப்புகளற்ற உடல் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. கோவைக்கு வாய்த்ததோ உடலற்ற உறுப்புகள். அந்த உறுப்புகளைச் செய்த கைகளின் வரலாற்றுக்கு பிரிக்காலைப் பார்த்தால் போதும். 2007 முதல் சங்க அங்கீகாரம் கேட்டுப் போராட்டம்; 2009 செப்டம்பரில் தாக்குதலில் மனிதவள அதிகாரி ஒருவர் இறந்தார்; 2015இல் எட்டுத் தொழிலாளர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனை; அதில் ஆறு பேரை 2017இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 'கொங்கின் தொழில் மேதைமை' பற்றிய மலர்களில் இதெல்லாம் வராது.

இப்போது தலைப்புக்கு வருவோம். சின்னக் கார் என்று ஒரு பொருள் இயற்கையில் கிடையாது. அரசு கோடு கிழிக்கிறது, கோட்டுக்கு இந்தப்பக்கம் நிற்பது சின்னது. 2006 பட்ஜெட்டில் சிதம்பரம் கிழித்த கோடு நாலு மீட்டர். நீளம் அதற்குள், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500க்குள் இருந்தால் உற்பத்தி வரி 24இலிருந்து 16 விழுக்காடு. டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிராமல் பின்கதவோடு முடிந்துவிடும் ஹேட்ச்பேக்குக்காகக் கிழித்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். கம்பெனிகள் வேறு மாதிரி வாசித்தன. முதலில் வாலை வெட்டிய செடான்கள் வந்தன. பிறகு 2013இல், மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட். நாலு மீட்டருக்குள்ளேயே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஜீப் தோரணை. பிரெஸ்ஸா, வென்யூ எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். சின்னவனுக்குப் போட்ட பந்தலில் பெரியவன் வந்து உட்கார்ந்துகொண்டான். பத்தாண்டுகளுக்கு முன் விற்ற கார்களில் ஏறத்தாழப் பாதியாக இருந்த ஹேட்ச்பேக், 2024 வாக்கில் கால் பங்குக்குப் பக்கமாக இறங்கிவிட்டது.

வரி மட்டும் காரணமென்று சொல்ல முடியாது. 2009இல் வந்த நானோவைப் பாருங்கள். ஸ்கூட்டரில் நாலு பேராகப் போகும் குடும்பத்துக்கு ஒரு லட்சத்தில் கார் என்றார்கள். சிங்கூரில் நிலத்தை எடுக்கப் போய் உதைபட்டு குஜராத்துக்கு ஓடியது தனிக்கதை. பத்தாண்டுக்குள் நானோ செத்தது. ஏழைக் கார் என்று பேர் விழுந்த காரை ஏழையும் வாங்க மாட்டான். கார் என்பது ஏறிப்போகும் பொருள் மட்டுமல்ல, ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தும் குறியும்கூட. கல்யாண மண்டப வாசலில் எது நிற்கிறது என்பதற்குக் கொங்குச் சமூகத்தில் உள்ள அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 வந்து விலையை ஏற்றியது. 2021இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரகடத்தில் செய்த டாட்சனும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து சான்ட்ரோவும் 2022இல் நின்றன.

அமெரிக்காவில் இது முன்னமே நடந்தாயிற்று. அங்கே 2011 மாடல்கள் முதல், நாலு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள பரப்பு கூடக்கூட எரிபொருள் சிக்கன இலக்கு தளர்கிறது. வண்டியைப் பெருக்கினால் விதி இளகும். 2018இல் ஃபோர்டு அங்கே முஸ்டாங் தவிரக் கார்களையே கைவிடப் போவதாக அறிவித்தது. ஹோண்டா ஃபிட் 2020இலும் செவர்லே ஸ்பார்க் 2022இலும் போயின. மக்கள் பெரிசைத்தான் கேட்கிறார்கள் என்கிறது சந்தை. கேட்கும்படி விதியை எழுதியது யார் என்பதைச் சொல்வதில்லை. இங்கேயும் 2025இல் வந்த எரிபொருள் விதி வரைவில் சின்னதற்குப் புது இலக்கணம்: 909 கிலோ. மீட்டரோடு கிலோவும் சேர்ந்துகொண்டது. மாருதிக்கு அது சலுகை, டாட்டாவுக்கும் மகிந்திராவுக்கும் வயிற்றெரிச்சல். 'சின்ன' என்ற சொல்லுக்காக மூன்று பெரிய கம்பெனிகள் அடித்துக்கொண்டன.

2025 செப்டம்பர் 22இல் நாலு மீட்டர்க் கோட்டுக்குள் நிற்கும் கார்களின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டோடு செஸ் என்பதிலிருந்து 18 ஆனது. கோட்டுக்குள் மடங்கி உட்கார்ந்த ஜீப்புத் தோரணைகளுக்கும் அதே 18தான். தீபாவளி விற்பனை எகிறியது, டிவியில் எல்லோரும் சிரித்தார்கள். அதே நாளில் இன்னொரு 18உம் வந்தது. அடுத்தவர் கொடுக்கும் உருப்படியைக் கடைந்தோ துளைத்தோ தரும் எஞ்சினியரிங் ஜாப் ஒர்க்குக்கு, 2017இல் 18ஆக இருந்து, கோவைக் குறுந்தொழில்காரர்கள் கத்திக் கத்தி 2019இல் 12ஆக இறக்கி வாங்கிய வரி, சத்தமில்லாமல் திரும்ப 18 ஆனது. கட்டிய வரியை ஆர்டர் கொடுத்த கம்பெனி தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆகவே யாருக்கும் நட்டமில்லை என்பது அரசின் வாதம். ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ ரெண்டு லேத்தை வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. பதிவோடு தொழில் செய்கிறவர், போட்ட பில்லுக்கான வரியை மாதாமாதம் கட்டியாக வேண்டும். பில்லுக்குப் பணம் மூணு மாசம் கழித்து வரும், சில சமயம் அதற்கும் மேலே ஆகும்.