வழக்கறிஞர் நிறுவனத் தரவுக் கசிவும் பாதிக்கப்பட்டோரின் சட்ட வழிகளும்

வழக்கறிஞர் நிறுவனத் தரவுக் கசிவு என்பது, ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள ஆவணங்களோ கணினித் தரவுகளோ உரிமையற்றவர்கள் கைக்குச் செல்வதைக் குறிக்கும். இந்நிறுவனங்களிடம் கட்சிக்காரரின் இரகசியங்கள் மட்டும் இருப்பதில்லை. எதிர்த்தரப்பினர், சாட்சிகள், கட்சிக்காரராக உள்ள நிறுவனத்தின் ஊழியர்கள், அதன் வாடிக்கையாளர்கள் எனப் பலரது விவரங்களும் அங்கே சேர்கின்றன. இவர்களில் பெரும்பாலோர் அந்த வழக்கறிஞரை அமர்த்தியவர்கள் அல்லர். அவர் பெயரைக்கூட அறியாதவர்கள். கசிவு நேர்ந்தால் யார் மீது வழக்குத் தொடுக்கலாம், எதைக் கேட்கலாம் என்ற கேள்விக்கு ஆங்கிலப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகள் நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடி வருகின்றன.

தாள் ஆவணங்களின் காலம்

வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான உரையாடலை வெளியிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது பழைய விதி. ஆனால் அந்த ஆவணம் ஏற்கெனவே எதிரியின் கைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதில் தெளிவில்லாமல் இருந்தது. 1898-இல் கால்கிராஃப்ட் எதிர் கெஸ்ட் வழக்கில் இக்கேள்வி இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. 1787-ஆம் ஆண்டு வழக்கொன்றிற்காகத் தயாரிக்கப்பட்ட தாள்களின் நகல்கள் எதிர்த்தரப்பிடம் கிடைத்திருந்தன. மூல ஆவணங்களுக்கு இரகசியப் பாதுகாப்பு நீடிக்கிறது. ஆயினும் நகல்களைச் சான்றாகத் தாக்கல் செய்வதற்குத் தடையில்லை என்று நீதிமன்றம் கூறியது.

1913-இல் வந்த ஆஷ்பர்ட்டன் பிரபு எதிர் பேப் வழக்கு இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. நொடித்துப்போன பேப் என்பவர், ஆஷ்பர்ட்டன் பிரபுவின் வழக்கறிஞரான நாக்டனிடம் பணிபுரிந்த எழுத்தரின் துணையோடு, பிரபு எழுதிய கடிதங்களைத் தந்திரமாகப் பெற்று நகலெடுத்தார். கீழ்நீதிமன்றம் தடையாணை வழங்கினாலும், திவால் வழக்கில் மட்டும் நகல்களைப் பயன்படுத்த இடமளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கை நீக்கி முழுத் தடை விதித்தது. சான்றாகத் தாக்கல் செய்வதற்கு முன்பே கட்சிக்காரர் நீதிமன்றத்தை அணுகினால், முறைகேடாகப் பெற்ற இரகசியத்தைத் தடுத்து மீட்கலாம் என்ற வழி இதனால் உறுதியானது.

இதே ஆஷ்பர்ட்டன் பிரபுவும் இதே நாக்டனும் மோதிய மற்றொரு வழக்கு 1914-இல் பிரபுக்கள் அவையில் முடிந்தது. அது ஆவணத் திருட்டு தொடர்பானது அன்று. அடமானம் குறித்துத் தவறான ஆலோசனை கூறியது பற்றியது. மோசடி எண்ணம் மெய்ப்பிக்கப்படாவிட்டாலும், கட்சிக்காரர்பால் கொண்ட நம்பிக்கைப் பொறுப்பை மீறியதற்காக வழக்கறிஞர் இழப்பீடு தர வேண்டும் என்று அவை தீர்ப்பளித்தது. ஆவணத்தைக் கைப்பற்றியவர் மீது தடையாணை, காக்கத் தவறிய வழக்கறிஞர் மீது இழப்பீட்டு வழக்கு என்ற இரு வழிகளுக்கும் இவ்விரு வழக்குகள் அடித்தளமிட்டன. இரண்டிலும் வழக்காடியவர் கட்சிக்காரரே.

கேடயம் மட்டும்தானா?

கணினிக் காலத்தில் கசிவின் அளவு மாறியது. 2016 ஏப்ரலில் வெளியான பனாமா ஆவணங்கள், மொசாக் ஃபொன்சேகா என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வெளியேறிய 1 கோடியே 15 இலட்சம் கோப்புகள். அந்நிறுவனம் 2018-இல் மூடப்பட்டது. 2017 நவம்பரில் பாரடைஸ் ஆவணங்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி பெர்முடாவில் தொடங்கப்பட்ட ஆப்பிள்பி நிறுவனத்துடையது.

ஆப்பிள்பியின் கட்சிக்காரரான கிளென்கோர் குழும நிறுவனங்கள், தம் ஆவணங்கள் ஆஸ்திரேலிய வரித்துறையிடம் இருப்பதை அறிந்து, அவற்றைத் திருப்பித் தருமாறும் பயன்படுத்தத் தடை விதிக்குமாறும் கோரின. 2019 ஆகஸ்டு 14-ஆம் நாள் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது. வழக்கறிஞர்-கட்சிக்காரர் சிறப்புரிமை என்பது ஆவணத்தைக் காட்டுமாறு கட்டாயப்படுத்துவோரிடமிருந்து காக்கும் விலக்கு மட்டுமே. அதையே காரணமாக வைத்துப் பிறர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இரகசிய மீறல் என்ற அடிப்படையைக் கிளென்கோர் முன்வைக்கவும் இல்லை. ஆவணங்கள் அதற்குள் பொதுவெளிக்குச் சென்றிருந்தன. ஆஷ்பர்ட்டன் வழக்கின் பாதுகாப்பு, இரகசியம் இரகசியமாக இருக்கும் வரைதான் பயன்படும் என்பதை இத்தீர்ப்பு காட்டியது.

அறிவிக்கும் கடமை

தன் தரவு கசிந்ததை அறியாதவர் எந்த வழியையும் நாட முடியாது. எனவே அறிவிப்புச் சட்டங்களே பிற வழிகளுக்கெல்லாம் வாயில். அமெரிக்காவில் கலிபோர்னியா இயற்றிய சட்டம் 2003 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2018-இல் அலபாமா மாநிலமும் சேர்ந்தபோது 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல், ஆபத்து விளைவிக்கக்கூடிய கசிவை 72 மணி நேரத்திற்குள் கண்காணிப்பு அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும் என்றது.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2012-இல் தன் மாதிரி நடத்தை விதிகளில், கட்சிக்காரர் தகவலைக் காக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமையைச் சேர்த்தது. 2018 அக்டோபரில் அது வெளியிட்ட 483-ஆம் எண் கருத்துரை, கசிவு நேர்ந்தால் நடப்புக் கட்சிக்காரர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. முன்னாள் கட்சிக்காரர்களுக்குத் தெரிவிப்பதை அது ஒழுக்க விதியாகக் கட்டாயமாக்கவில்லை. கட்சிக்காரர் அல்லாதோர் மாநிலச் சட்டங்களையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்க வழக்குகள்

2016-இல் சிகாகோவின் ஜான்சன் அண்டு பெல் நிறுவனம் மீது அதன் முன்னாள் கட்சிக்காரர்கள் குழு வழக்குத் தொடுத்தனர். தரவு திருடப்பட்டதாக அவர்கள் கூறவில்லை. கணினிப் பாதுகாப்பு பலவீனமாக இருந்ததே குறை என்றனர். கட்சிக்காரருடனான ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு விதி இருந்ததால் வழக்கு நீதிமன்றத்தை விட்டு வெளியேறியது. பலர் ஒன்றுசேர்ந்து வழக்காடும் வாய்ப்பை ஒப்பந்தத்தின் ஒரு வரி மூடிவிடலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கிளார்க் ஹில் நிறுவனம் மீது சீனத் தொழிலதிபர் குவோ வெங்குயி தொடுத்த வழக்கு வேறு வகையானது. அமெரிக்காவில் அரசியல் தஞ்சம் கோரிய அவர், தம் கோப்புகள் குறிவைக்கப்படலாம் என முன்பே எச்சரித்ததாகக் கூறினார். 2017-இல் நிறுவனத்தின் கணினிகள் ஊடுருவப்பட்டு அவருடைய விவரங்கள் இணையத்தில் வெளியாயின. நம்பிக்கைப் பொறுப்பு மீறல் உள்ளிட்ட கோரிக்கைகளை விசாரிக்க வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் 2020-இல் அனுமதித்தது. ஊடுருவல் குறித்து வெளி வல்லுநர்கள் தயாரித்த அறிக்கை சிறப்புரிமைக்கு உட்பட்டது என நிறுவனம் மறுத்தபோது, அதை ஒப்படைக்குமாறு 2021 ஜனவரியில் உத்தரவிட்டது. கட்சிக்காரரைக் காக்கப் பிறந்த விதியை, கட்சிக்காரருக்கு எதிரான திரையாக அந்நிறுவனத்தால் பயன்படுத்த முடியவில்லை.

கட்சிக்காரர் அல்லாதவர்களுக்கு முதல் தடை, வழக்குத் தொடுக்கும் தகுதி. 2021 ஜூனில் டிரான்ஸ்யூனியன் எதிர் ராமிரெஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உறுதியான பாதிப்பு இல்லாதவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்றது. தவறான குறிப்பு பதிவாகியிருந்த 8,185 பேரில், அக்குறிப்பு பிறருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே அதற்காக வழக்காடும் தகுதி கிடைத்தது. அது வழக்கறிஞர் நிறுவன வழக்கு அன்று எனினும், பிந்தைய தரவுக் கசிவு வழக்குகளில் தகுதியை அளக்கும் கோலாயிற்று. இதற்கு மாறாக, கலிபோர்னியாவின் 2018-ஆம் ஆண்டு நுகர்வோர் தனியுரிமைச் சட்டம், இழப்பை மெய்ப்பிக்காமலே ஒருவருக்கு 100 முதல் 750 டாலர் வரை கோர வழி செய்தது.

இந்தச் சூழலில் நிகழ்ந்ததே ஆரிக் நிறுவனக் கசிவு. தரவுக் கசிவுக்கு ஆளான நிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கிவந்த இந்நிறுவனத்தின் கணினிகள் 2023-இல் ஊடுருவப்பட்டன. மருத்துவக் காப்பீடு, பல் சிகிச்சைக் காப்பீடு போன்ற துறைகளிலுள்ள கட்சிக்கார நிறுவனங்கள் ஒப்படைத்திருந்த 6,37,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியேறின. ஏற்கெனவே ஒருமுறை தரவு பறிபோனவர்களும் அவர்களில் இருந்தனர். 2024-இல் குழு வழக்கு 80 இலட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. சராசரியாகப் பார்த்தால், வழக்குச் செலவைக் கழிக்கும் முன்பே, ஒருவருக்கு 13 டாலருக்கும் குறைவு. அடையாளத் திருட்டால் ஏற்பட்ட செலவுக்குச் சான்று காட்டியவர்களுக்குக் கூடுதல் தொகையும், மற்றவர்களுக்குக் கடன் கண்காணிப்புச் சேவையும் வழங்க உடன்பாடானது.

பிரிட்டனும் ஐரோப்பாவும்

2020 ஆகஸ்டில் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டக்கர்ஸ் சொலிசிட்டர்ஸ் நிறுவனத்தின் 9,72,191 கோப்புகள் பிணைத்தொகை கேட்கும் நச்சுநிரலால் முடக்கப்பட்டன. 60 நீதிமன்ற ஆவணத் தொகுப்புகள் இருள் இணையத்தில் வெளியிடப்பட்டன. தொலைவிலிருந்து நுழைவோருக்கு இரட்டைச் சரிபார்ப்பு இல்லாததையும், மென்பொருள் திருத்தத்தை ஐந்து மாதம் தாமதித்து நிறுவியதையும் சுட்டி, தகவல் ஆணையர் அலுவலகம் 2022-இல் 98,000 பவுண்டு அபராதம் விதித்தது. அபராதம் அரசுக் கருவூலத்தைச் சேரும். பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டுக்குத் தனியே வழக்காட வேண்டும்.

அந்தத் தனி வழக்கில் எதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதில் தீர்ப்புகள் வேறுபட்டன. 2021 நவம்பரில் லாய்ட் எதிர் கூகுள் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி தரவின் மீதான கட்டுப்பாட்டை இழந்ததற்காக மட்டும் இழப்பீடு இல்லை என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2023 மே மாதத் தீர்ப்பில், விதிமீறல் மட்டும் போதாது, ஆனால் பாதிப்பு கடுமையாக இருக்க வேண்டும் என்ற வரம்பும் இல்லை என்றது. பல்கேரிய வரித்துறைக் கசிவு பற்றிய 2023 டிசம்பர்த் தீர்ப்பில், தரவு தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற அச்சமே பாதிப்பாகக் கருதப்படலாம் என்றது.

அறியப்படாதவர்கள் மீது தடையாணை

2023-இல் ஆஸ்திரேலியாவின் எச்டபிள்யூஎல் எப்ஸ்வொர்த் நிறுவனம் தாக்கப்பட்டது. 65 அரசு அமைப்புகள் பாதிக்கப்பட்டன. நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் பெயர் அறியப்படாதவர்கள் மீது தடையாணை பிறப்பித்தது. 2024 பிப்ரவரியில் அது நிரந்தரமாயிற்று. திருடியவர்கள் அதற்குக் கட்டுப்படமாட்டார்கள் எனினும், ஆணையை அறிந்த பிறர் அத்தரவைப் பயன்படுத்துவதை அது தடுக்கும். 1913-இன் வழி இணையக் காலத்திற்கு நீட்டப்பட்டது. ஆனால் ஆணை பெற்றது நிறுவனம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இதனால் இழப்பீடு எதுவும் வரவில்லை. 2025 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள தனியுரிமை மீறல் வழக்குரிமையும், வேண்டுமென்றோ பொறுப்பற்ற துணிவுடனோ செய்த செயலுக்கே பொருந்தும். வெறும் கவனக்குறைவுக்குப் பொருந்தாது.

இந்தியா

1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்த வழக்கறிஞரின் இரகசியக் கடமை, இன்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவில் தொடர்கிறது. பாதுகாப்புக் குறைவால் இழப்புற்றவருக்கு இழப்பீடு தரச் சொன்னது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்பிரிவை நீக்க வகை செய்து, 250 கோடி ரூபாய் வரையிலான அபராதத்தை முன்வைத்தது. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியைச் சேரும். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நுகர்வோர் ஆணையம் என்ற செலவு குறைந்த வழி மூடப்பட்டது. ஒப்பந்த மீறல் அல்லது கவனக்குறைவுக்கான உரிமையியல் வழக்கும், வழக்கறிஞர் மன்றத்தில் நடத்தைக் குறைபாட்டுப் புகாரும் எஞ்சுகின்றன.

மதிப்பீடு

இந்த வரலாற்றில் கட்சிக்காரருக்கான வழிகள் பழையவை, உறுதியானவை: ஒப்பந்தம், நம்பிக்கைப் பொறுப்பு, இரகசியக் காப்பு, தொழில்முறைப் புகார். கட்சிக்காரர் அல்லாதவருக்கு உள்ளவை பெரும்பாலும் 2003-க்குப் பின் வந்த சட்டங்களும் கவனக்குறைவு வழக்கும் மட்டுமே. எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் இவர்களே. அறிவிப்புக் கடிதத்தைப் பாதுகாத்தல், ஏற்பட்ட செலவுக்கும் செலவிட்ட நேரத்திற்கும் சான்று வைத்தல், சமரசக் கோரிக்கைக்கான இறுதி நாளைத் தவறவிடாதிருத்தல் ஆகியவற்றின் முக்கியத்துவம் இவ்வழக்குகளிலிருந்தே தெரிய வருகிறது. ஆரிக் சமரசத்தில் சான்று காட்டியவருக்கும் காட்டாதவருக்கும் கிடைத்தவை ஒன்றல்ல.