மூக்கை நம்பிய குசினிகள்

2021 நவம்பரையும் டிசம்பரையும் லேசில் மறக்க முடியாது. நாடு முழுக்க வீடுகளில் காஸ் அடுப்பும் குழாயும் வெடித்துக்கொண்டிருந்தன. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பலகே தலைமையிலான ஜனாதிபதிக் குழு, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும், பலவீனமான இணைப்பில் கசியும்.

அந்தக் கசிவைக் கண்டுபிடிக்க எங்களிடம் என்ன இருந்தது? மூக்கு மட்டும்தான். சமையல் காஸுக்குச் சொந்தமாக வாசமே இல்லை. மேர்கப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலந்துதான் விற்கிறார்கள். ஆனால் தூங்கும்போது மூக்கும் தூங்கிவிடும். அதோடு அது கொவிட் காலம். எத்தனையோ பேருக்கு மணமே தெரியாமல் போயிருந்தது.

மூக்கை நம்ப முடியாது என்பது பழைய பாடம். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் காபன் மொனொக்சைட்டை அறியக் கூண்டில் கனேரிக் குருவியைக் கொண்டுபோனார்கள். அந்த வழக்கம் 1986 வரைக்கும் நீடித்தது!

குருவியின் வேலையைச் செய்யும் பொருளை ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். 1962இல் கியூஷு பல்கலைக்கழகத்தின் செய்யாமா குழு, சூடாக்கிய துத்தநாக ஒட்சைட்டின் மின்தடை வாயு பட்டதும் மாறுவதைக் காட்டியது. அதே ஆண்டில் நவோயோஷி தாகுச்சி, வெள்ளீய ஒட்சைட்டு உணரிக்குக் காப்புரிமை கோரினார். 1968இல் அது சந்தைக்கு வந்தது. காஸ் வீட்டுக் குசினிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. அலாரமும் கூடவே நுழைந்தது.

விசயம் எளிது. சூடான ஒட்சைட்டின் மேற்பரப்பில் காற்றிலுள்ள ஒட்சிசன் ஒட்டிக்கொண்டு இலத்திரன்களைப் பிடித்து வைக்கும், மின்தடை உயர்ந்திருக்கும். காஸ் வந்தால் அந்த ஒட்சிசனோடு தாக்கமடையும். இலத்திரன்கள் விடுபடும், மின்தடை சட்டென விழும், மணி அடிக்கும்.

இப்போது கண்டிக்கு வருவோம். பேராதனையைச் சுற்றியுள்ள போர்டிங் அறைகளில் அடுப்பும் படுக்கையும் ஒரே அறைக்குள்தான். ஹந்தானைக் குளிருக்கு யன்னலையும் பூட்டிவிடுவோம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில்தான் தேங்கும். நாங்கள் பாய் போட்டுப் படுப்பதும் அங்கேதான்.

எம்கியூ-2 என்ற மலிவான உணரியைப் பொறியியல் பீட நண்பர்கள் புரொஜெக்டுக்கு வாங்குகிறார்கள். அதற்குள் இருப்பதும் தாகுச்சியின் அதே வெள்ளீய ஒட்சைட்டுத்தான். குறை இல்லாமல் இல்லை: கண்டி மழைக்கால ஈரப்பதன் அதன் அளவைக் குழப்பும், மதுசார ஆவிக்கும் கத்தும். ஆகவே வீட்டுக்கு வேண்டியது தரச்சான்று பெற்ற அலாரம், அதுவும் கூரையில் இல்லை, தரைக்குக் கிட்ட.

அறுபது வருசம் பழைய கண்டுபிடிப்பு இது. அறை பார்க்கப் போகும்போது தண்ணீர் வருமா, வைஃபை இருக்கா என்று கேட்கிற நாம், காஸ் அலாரம் இருக்கா என்றும் கேட்டால் என்ன?