தாய்மடிக்கு அளிக்கப்பட்ட விதிவிலக்கு

தொட்டில், தூளி, நடைவண்டி எனக் குழந்தைகளுக்கான பொருள்களின் வரலாற்றை எவரேனும் எழுதப் புகுந்தால், காரில் பொருத்தும் குழந்தை இருக்கைக்குத் தனி இயல் ஒன்று ஒதுக்க நேரும். அது தொடங்கிய நோக்கம் ஒன்று. வந்து சேர்ந்த இடம் வேறு. இடைவழியில் அது எதிர்கொண்ட வலிய தடை, தாயின் அணைப்பைவிடப் பெரிய காப்பு குழந்தைக்கு இல்லை என்னும் நம்பிக்கைதான்.

அமெரிக்காவில் பன்னி பேர் நிறுவனம் 1933இல் குழந்தை இருக்கையைச் செய்தபோது விபத்து குறித்த எண்ணமே அதில் இல்லை. பின்னிருக்கைக் குழந்தையைச் சற்று உயர்த்தி, ஓட்டும் பெற்றோர் கண்ணில் படும்படி வைப்பதே நோக்கம். அடுத்து வந்தவை, முன்னிருக்கையின் முதுகில் கொக்கியால் மாட்டும் கித்தான் இருக்கைகள். சிலவற்றில் விளையாட்டு ஸ்டியரிங் வேறு! குழந்தை அங்குமிங்கும் தாவாதிருக்க வேண்டும், அவ்வளவே. கார் எதிலேனும் மோதினால் கொக்கியோடும் குழந்தையோடும் அந்த இருக்கை முன்னோக்கிப் பாய்ந்துவிடும் என்பதை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

1962இல்தான் சிந்தனை திரும்புகிறது. அமெரிக்காவின் டென்வரில் லெனர்ட் ரிவ்கினும் பிரிட்டனில் ஜீன் ஏம்ஸும் தனித்தனியே, விபத்திலிருந்து காப்பதற்கென்றே இருக்கைகளை வடிவமைத்தனர். அதே காலத்தில் ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்னும் மருத்துவருக்கு வேறொரு எண்ணம் தோன்றியது. விண்கலம் சீறி எழும்போது அதன் விசையை வீரர்கள் முதுகால் தாங்குவதுபோல, மோதலின் விசையைக் குழந்தையும் முதுகால் தாங்கட்டுமே! பச்சிளங்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கழுத்தோ மெலிது. முன்னோக்கி அமர்ந்திருந்தால் உடலைப் பட்டை தடுத்துவிடும், தலையைத் தடுக்க ஏதுமில்லை. பின்னோக்கி அமர்த்தினால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே ஒருசேர ஏந்திக்கொள்ளும். இம்முன்மாதிரியை வால்வோ நிறுவனம் 1964இல் சோதித்தது. ஸ்வீடனில் ஏறத்தாழ நான்கு வயதுவரை குழந்தைகளைப் பின்னோக்கி அமர்த்தும் வழக்கத்துக்கு இதுவே தோற்றுவாய்.

மடி ஏன் போதாது என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்பதாகக் கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தையை அத்தருணத்தில் பிடித்துவைக்க, ஏறத்தாழ 140 கிலோவைத் தாங்கும் வலிமை தேவை. எந்தத் தாயின் கைக்கும் அது இயலாது. அவளும் பட்டை அணியாதிருந்தாலோ, அவள் உடலின் பாரம் முழுதும் முன்பலகைக்கும் தனக்கும் இடையிலுள்ள குழந்தையின் மேல் விழும்.

இந்தக் கணக்கோடு சட்டமன்றத்தின் படியேறியவர் டென்னஸி மாநிலத்தின் குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பிருக்கையில் வைத்தே பெற்றோர் ஓட்டிச்செல்ல வேண்டும் என்று சட்டம் கோரினார். மனைவியும் உடன் நின்றார். குடும்பத்துக்குள் அரசு மூக்கை நுழைப்பதா என்னும் குரல் அங்கும் எழுந்தது. 1977இல் சட்டம் நிறைவேறி 1978 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. அமெரிக்காவில் இத்தகைய முதல் சட்டம் இதுவே. ஆனால் அதற்குள் ஒரு விதிவிலக்கு நுழைந்திருந்தது: குழந்தையைக் கையில் ஏந்திச் செல்லலாம்! எதைத் தடுக்கச் சட்டம் வந்ததோ அதையே அச்சட்டம் அனுமதித்தது. கேட்கும்போது இதைவிடப் பரிவான விதிவிலக்கு இருக்க முடியாது. விளைவிலோ இதைவிடக் கொடியதும் இல்லை. ‘குழந்தை நசுக்கி’ என்று சாண்டர்ஸ் அதற்குப் பெயரிட்டார். கசப்பான பெயர்தான், ஆயினும் மிகையன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. 1981இல் அவ்விதிவிலக்கு நீக்கப்பட்டது. 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் குழந்தைக் காப்புச் சட்டம் வந்துவிட்டது.

காப்பே பகையாவதும் இவ்வரலாற்றில் உண்டு. 1990களில் முன்னிருக்கைகளில் ஏர்பேக் பரவியபோது, விரியும் அப்பையின் வேகம் அங்கே பின்னோக்கி வைக்கப்பட்டிருந்த குழந்தைகளின் உயிரைக் குடித்தது. சிறுவர்க்குரிய இடம் பின்னிருக்கையே என்னும் விதி அதன்பின் உறுதிப்பட்டது.

இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆ பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையைப் பட்டையோ காப்பிருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் ஓட்டுநருக்கு 1000 ரூபாய் அபராதம் என்கிறது. கைக்குழந்தைக்குச் சாதாரண சீட் பெல்ட் பொருந்தாது. எனவே அதற்குக் காப்பிருக்கைதான் வழி. நாம் கண்ட வரையில், பேறு முடிந்து வீடு திரும்பும் தாயர் இன்றும் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்தே காரேறுகின்றனர். காற்று நன்றாக வருமென்று முன்னிருக்கையின் கதவைத் திறந்துவிடுவோரும் உண்டு.