யாரை அளந்த கோல்?

கருவிலிருக்கும் பிள்ளையை யாரும் தராசில் வைத்து நிறுத்ததில்லை. ஸ்கேன் தாளில் '2400 கிராம்' என்று இருக்கிறதே, அது அனுமானம். தலையின் குறுக்களவு, தலைச்சுற்று, வயிற்றுச்சுற்று, தொடையெலும்பின் நீளம் ஆகியவற்றைச் சூத்திரத்தில் போட்டால் விழுகிற எண். தெரிந்த அளவைக் கொண்டு தெரியாத அளவைச் சொல்லும் இந்த வித்தைக்கு ஒரு வரலாறு உண்டு. யாரை அளந்து யாருக்கு விதி செய்தார்கள் என்பதே அந்த வரலாறு.

1875இல் ஜெர்மனியில் ஹாஸே சொன்ன விதி எளிமையானது. ஐந்தாம் மாதம் வரை மாத எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கருவின் நீளம் சென்டிமீட்டரில் வரும்: நான்காம் மாதம் 16. அதற்குப் பிறகு மாத எண்ணை 5ஆல் பெருக்க வேண்டும்: எட்டாம் மாதம் 40. (மாதம் என்பது இங்கே 28 நாள்.) அன்றைக்குக் கருவை அளக்க வேண்டுமென்றால் அது வெளியே வந்திருக்க வேண்டும், பெரும்பாலும் உயிரில்லாமல். கணக்கைத் திருப்பிப் போட்டால் நீளத்திலிருந்து வயது கிடைக்கும். இந்தியச் சட்ட மருத்துவப் பாடநூல்களில் இந்த விதி இன்றும் இருக்கிறது. வீசியெறியப்பட்ட சிசு பிழைக்கக்கூடிய வயதை எட்டியதா என்ற கேள்விக்கான பதிலில் தாயின் மீதான வழக்கே தொங்கும்.

1958இல் கிளாஸ்கோவில் மருத்துவர்கள் இயன் டொனால்ட், ஜான் மெக்விக்கர், பொறியாளர் டாம் பிரவுன் மூவரும் மீயொலியால் வயிற்றுக்குள் பார்த்த கட்டுரையை வெளியிட்டார்கள். உலோகத்தில் விரிசல் தேடும் கருவியிலிருந்து வந்த நுட்பம் அது. உயிருள்ள கருவும் அளவுகோலுக்குள் வந்தது.

1980களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஃபிராங்க் ஹாட்லாக் குழுவினர் எடைச் சூத்திரங்களை உருவாக்கினார்கள்; 1991இல் வாரவாரியான எடை அட்டவணை வந்தது. இரண்டும் உலகமெங்கும் ஸ்கேன் இயந்திரங்களுக்குள் ஏறின. அட்டவணைக்கு அடிப்படை 392 பெண்கள். பெரும்பாலோர் நடுத்தர வர்க்க வெள்ளையர். கட்டுரை இதை மறைக்கவில்லை. ஆனால் எண் இயந்திரத்துக்குள் போனதும் அதன் ஊர், நிறம், வர்க்கம் எல்லாம் உதிர்ந்துபோச்சு. மிஞ்சியது 'இயல்பு'. நூறில் கடைசிப் பத்துக்குள் விழும் கரு 'சிறியது' ஆனது.

நமக்கென்று தனிக்கோல் செய்துகொண்டால் தீர்ந்தது என்று தோணும். அங்கேதான் சிக்கல். 2014இல் இன்டர்குரோத் ஆய்வு நாக்பூர் உட்பட எட்டு ஊர்களில் நல்ல உணவும் உடல்நலமும் உள்ள பெண்களைத் தேர்ந்து அளந்தது. கருவின் வளர்ச்சி எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்றது; நீளங்களில் காணும் மொத்த வேறுபாட்டில் ஊர்களுக்கிடையிலானது 3.5 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2015இல் அமெரிக்க ஆய்வொன்று இனத்துக்கு இனம் எடை மாறுவதாகச் சொன்னது. 2017இல் உலக சுகாதார நிறுவனம், இந்தியா உட்பட பத்து நாடுகளில் அளந்து, நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு என்றது.

இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை. ஹூஸ்டன் கோலை அப்படியே வைத்தால் நலமாக இருக்கும் பிள்ளையும் 'குறை' ஆகிறது; தாய்க்குப் பயமும் செலவும் மிச்சம். 'இந்தியக் குழந்தை சின்னதுதான்' என்று தனிக்கோல் செய்தால், சோகை பிடித்த, அரைவயிற்றோடு வேலைக்குப் போகிற பெண்ணின் பட்டினி இயற்கையாகிவிடுகிறது. ரேஷனையும் கூலியையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இனத்தைப் பற்றிப் பேசி முடித்துவிடலாம்.

கோலே வேண்டாம் என்று சொல்ல முடியாது. வளர்ச்சி நின்றுபோன கருவைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுவதும் அதே கோல்தான். அதனால் ஒவ்வொரு தனிக்கோலிடமும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இதற்காக அளந்த பெண்கள் என்ன சாப்பிட்டார்கள்?